கோழியும் கூடமும்

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர் அல்லர். திண்ணையில் நிற்கும் கோழியே எதிர்கொள்கிறது. நாம் படியேறக் கண்டதும் அது கொக்கரித்தபடி கூடத்துக்குள் ஓடும். அதன் பின்னே "சூ, சூ" என்று ஒரு குரல் ஓடும். குரலுக்குப் பின்னே ஈரத்துணியோடு மகளோ மருமகளோ ஓடுவார். நாற்காலி துடைக்கப்பட்டு நாம் அமரும்வரை வீட்டாருக்கு ஒரே நாணம். "தப்பா நினைச்சுக்காதீங்க சாமி" என்னும் சொல்லை நாம் 25 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். நாம் தவறாக நினைத்ததில்லை. ஆயினும் அந்த நாணத்துக்குள் மெய்யான வினா ஒன்று ஒளிந்திருக்கிறது: கோழி வளர்க்கும் வீடு தூய்மையாக இருக்க இயலுமா?

இது ஒரு வினாவா என்று சிலர் நகைக்கக்கூடும். குடும்பத்தில் அமைதி குலைவதற்குப் பெரிய காரணங்கள் தேவையில்லை என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் அறிவர். நிலத் தகராறுகளுக்குச் சமாதானம் பேச நம்மை அழைத்ததைவிட, முற்றத்துத் தகராறுகளுக்கு அழைத்ததே மிகுதி.

நம் சிற்றூர்களில் நிலம் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கும். மாடு கூட்டுறவு வங்கிக் கடனின் பெயரில் இருக்கும். கோழி ஒன்றே பெண்ணின் பெயரில் இருப்பது. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அரிசிப் பானைக்குள்ளோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ சிறுவாடாகச் சேரும். பிள்ளையின் தேர்வுக் கட்டணம், பேத்தியின் காதணி, திருவிழாவில் ஒரு மெழுகுதிரி, இவற்றுக்கெல்லாம் கணவரிடமோ மகனிடமோ கை நீட்டாமல் எடுத்துச் செலவிடும் பணம் அது. ஆகவே, "கோழியை ஒழியுங்கள், வீடு தானே தூய்மையாகும்" என்று அறிவுரை கூறுவோர், தாம் எதை ஒழிக்கச் சொல்கிறோம் என்பதை உணர்வதில்லை.

மறுபுறம், "நாங்களெல்லாம் கோழியோடும் குஞ்சோடும் உருண்டுதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்போரும் உளர். வளர்ந்து ஆளானவர்களே இவ்வாறு பேச முடியும். பங்கு அலுவலகத்துப் பழைய இறப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர் இவ்வாறு பேசத் தயங்குவார். சில பக்கங்களில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளின் பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும். காரணம் குறித்த இடத்தில் பேதி, கழிச்சல் என்னும் சொற்கள் இருக்கும். அத்தனைக்கும் கோழி மீது பழி சுமத்த நாம் வரவில்லை. கிணற்று நீரும் ஈக்களும் கழிப்பறை இல்லாமையும் அதில் பங்கு கொண்டவையே. எனினும், "என்ன ஆகிவிட்டது" என்று கேட்பவருக்கு அப்பதிவேடு ஒரு விடை வைத்திருக்கிறது.

இவ்விரு கூற்றுகளும் ஒரே வீட்டுக்குள் மோதியதை நாம் கண்டோம். செம்மண் தேரியை ஒட்டிய பனங்காட்டு ஊர் அது. கைம்பெண்ணான ஒரு மூதாட்டி. வளைகுடா நாட்டில் கம்பி கட்டும் வேலை பார்க்கும் மகன். நகர்ப்புறத்தில் பிறந்து வளர்ந்த மருமகள். தவழும் பருவத்தில் ஓர் ஆண் குழந்தை. மகன் அனுப்பிய பணத்தில் பழைய ஓட்டு வீடு இடிக்கப்பட்டுக் காரை வீடு எழுந்தது. சாணம் மெழுகிய மண்தரை போய் வெள்ளை டைல்ஸ் தரை வந்தது. வீடு மாறியது, மூதாட்டியின் 9 பெட்டைகளும் ஒரு சேவலும் மாறவில்லை. பழைய வீட்டில் எவ்வழியே உள்ளே வந்து எவ்வழியே வெளியேறினவோ, புதிய வீட்டிலும் அவ்வாறே செய்தன.

குழந்தைக்கு மூன்று மாதங்களில் இருமுறை கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே நீர் ஏற்றினர். திரும்பி வந்த மாலையே மருமகள் நம்மை அழைத்து வரச் சொல்லி ஆளனுப்பினார். "ஒண்ணு கோழி இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நீங்களே சொல்லுங்க சாமி" என்றார். மூதாட்டி சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து, "எங்க வீட்டு அவுக இறந்தன்னைக்குப் பெட்டிக்கு முன்பணம் குடுத்தது கோழிக்காசு சாமி. மவன் காசு மறுநாளுதான் வந்துச்சு" என்றார். பிறகு, எதிர்பாராத ஒன்றையும் கேட்டார்: "வேதத்துல கோழிய தீட்டுன்னு போட்டிருக்கா சாமி?"

நல்ல கேள்வி. லேவியர் நூலில் உண்ணத் தகாத பறவைகளின் பட்டியல் உண்டு. கழுகு, காகம், ஆந்தை, நாரை எல்லாம் அதில் வரும்; கோழி அதில் இல்லை. ஆனால், கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில், எருசலேம் நகரில் கோழி வளர்க்கலாகாது என்றொரு விதி காணப்படுகிறது. கோயிலின் புனிதப் பொருள்களை முன்னிட்டு அவ்விதி என்று அந்நூலே கூறும். கோழி குப்பையைக் கிளறி, தீட்டான துணுக்குகளை மேலே கொணர்ந்துவிடும் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். ஆனால் பேதுரு மறுதலித்த இரவில் அதே எருசலேமில் சேவல் கூவியதாக நற்செய்தியாளர் நால்வரும் எழுதியுள்ளனர். அது சேவலன்று, காவல் மாறும் நேரத்து எக்காள ஒலியே என்று விளக்கம் கூறும் அறிஞரும் உண்டு. நமக்கு அவ்விளக்கத்தில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. சட்டம் ஏட்டில் இருக்கும். சேவல் எவர் வீட்டுப் பின்கட்டிலாவது இருக்கும். அந்நகரைப் பார்த்தே ஆண்டவர் தம்மைக் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கும் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டார் என்பதையும் மூதாட்டிக்கு நினைவூட்டினோம். அவர் சற்றே முகம் மலர்ந்து, "அப்ப எருசலேமுலயும் மாமியா மருமக உண்டு போல" என்றார். மருமகளும் சிரித்துவிட்டார். அன்று அவ்வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவே.

சிரிப்பு ஓய்ந்தபின் நாம் ஒரே ஒரு வினா கேட்டோம்: "எச்சத்தை அள்ளுவது யார்?" இருவரும் விடை கூறவில்லை, விடை தெளிவாகவே இருந்தது. கோழியும் காசும் மாமியாரிடம். துடைப்பமும் துணியும் மருமகளிடம். மூதாட்டி சோம்பேறி அல்லர். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. குந்தி அமர இயலாது. கூடோ முற்றத்து மூலையில் தரையோடு தரையாக, குனிந்து தலையை உள்ளே நுழைத்தாலன்றிப் பெருக்க இயலாதவாறு கிடந்தது. ஆகையால் வாரம் ஒருமுறைகூட அது பெருக்கப்படவில்லை.

நம் பங்கில் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் அவரை அழைத்துச் சென்றோம். அவர் வீட்டுக்குள் நுழையவேயில்லை. நேரே கூட்டருகே சென்று மூக்கை வைத்தார். "நாற்றம் கோழியோடது இல்ல சாமி, ஈரத்தோடது" என்றார். கோழிக்குச் சிறுநீர் தனியே இல்லை. எச்சத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பதே அதன் சிறுநீர்க் கழிவு; யூரிக் அமிலம். அது காய்ந்து கிடக்கும்வரை பெரிதாக மணக்காது. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியா ஆக்கிவிடும்; கண்ணைக் கரிக்கும் நாற்றம் அதுவே. சில வேளைகளில் கரும்பழுப்பாக, களிம்பு போல, மிகுந்த நாற்றத்தோடு எச்சம் விழக் கண்டு கழிச்சல் நோய் என்று அஞ்சுவோர் உண்டு. அது குடல்வாலிலிருந்து இடையிடையே வெளியேறும் இயல்பான கழிவு. பத்தில் ஒன்று அப்படித்தான் இருக்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: எச்சத்தின் பெரும்பங்கு இரவில், அடையும் இடத்திலேயே விழுகிறது. எனவே கோழி அடையும் இடம் ஒழுங்கானால் வீட்டுத் தூய்மையில் பாதி வேலை முடிந்தது.

அவர் பேச்சு வெள்ளைத் தரைக்குத் திரும்பியது. மண்தரையில் எச்சம் விழுந்தால் பழைய பெண்கள் முதலில் சாம்பல் தூவுவர். ஈரத்தைச் சாம்பல் குடித்தபின் ஓட்டுச் சில்லால் வழித்து எருக்குழியில் போடுவர். டைல்ஸ் தரையில் எச்சம் விழுந்த உடனே ஈரத்துணி வந்துவிடுகிறது. ஒரு விரற்கடை இடத்தில் கிடந்ததை அத்துணி ஒரு முழத்துக்குப் பரப்பி விடுகிறது. பளபளப்பு வரும், தூய்மை வராது. அந்தத் துணியே வாளியில் அலசப்பட்டு அடுப்படித் தரைக்கும் செல்லும். முதலில் உலர்ந்த சாம்பலோ மணலோ தூவி அட்டைத் துண்டால் வழித்தெடுக்க வேண்டும். பிறகு சோப்பு நீர். கிருமிநாசினி தேவையானால் அதற்கும் பிறகே. எச்சத்தின் மீதே பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது வீண்; மருந்தின் ஆற்றல் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். அன்றியும் அமோனியாவோடு அது கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு உண்டாகும். கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பிளீச்சிங் பவுடர் தூவுவதைப்போல் ஆபத்தான தூய்மை வேறில்லை.

கோழி வீட்டுக்குள் ஏன் வருகிறது? பிடிவாதத்தால் அன்று. ஒன்று, கூடத்தில் சிந்திய சோற்றுப் பருக்கைக்காக. குழந்தை இருக்கும் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. மற்றொன்று, முட்டையிட மறைவான, இருண்ட இடம் தேடி. அவ்வீட்டுப் புள்ளிப் பெட்டை ஒன்று கட்டிலடியில் இருந்த பழைய துணிக் கூடையையே தன் ஈற்றில்லமாகக் கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதை விரட்டினர். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. வைக்கோல் இட்ட பெட்டியொன்றைக் கூட்டின் இருட்டுப் பக்கத்தில் வைத்து, அடையாளத்துக்கு ஒரு முட்டையை அதில் விட்டு வைக்கச் சொன்னார் ஆய்வாளர். மணலும் சாம்பலும் கலந்த குழியொன்றை முற்றத்து ஓரத்தில் அமைத்துக் கொடுத்தால், வாசற்படி மண்ணையும் துளசித் தொட்டியையும் அவை கிளறாது என்றும் கூறினார். கோழி நீராடும் இனமன்று, மண்ணாடும் இனம். செள்ளும் பேனும் போக அது புழுதியில் புரண்டே ஆக வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், அடைத்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றே நாமும் எண்ணியிருப்போம். நம் மறைமாவட்டத்தில் மருத்துவப் பணி புரியும் அருட்சகோதரி ஒருவர் வேறொன்றை எடுத்துரைத்தார். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் புறநகர்க் குடிசைப் பகுதியில் இரண்டு ஆய்வுகள் நடந்துள்ளன. 1990-இல் வெளியான முதல் ஆய்வில், கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வீடுகளில் சிறு குழந்தைகளின் அருகிலேயே அமர்ந்து, எச்சத்தைத் தொட்ட கை எத்தனை முறை வாய்க்குச் செல்கிறது என்று எண்ணிக் குறித்தனர். ஒரே நாளில் அது பன்முறை நிகழ்ந்தது. 2006-இல் வெளியான அடுத்த ஆய்வில், சில வீடுகளில் கோழிகளுக்குப் பட்டி கட்டிக் கொடுத்தனர். வேறு சில வீடுகளில் வழக்கம்போல் அவிழ்த்தே விட்டனர். கோழியின் குடலில் நோயின்றித் தங்கி, குழந்தையின் குடலைக் கலக்கும் கேம்பைலோபேக்டர் என்னும் கிருமியால் வந்த வயிற்றுப்போக்கு, பட்டி கட்டிய வீட்டுக் குழந்தைகளிடமே அதிகம் காணப்பட்டது!

எவரும் எதிர்பாராத முடிவு. அச்சகோதரியின் கருத்து எளியது. பட்டி கட்டியதும் எச்சம் பரவாமல் ஓரிடத்தில் குவிகிறது. அள்ளாமல் விட்டால் அதுவே கிருமிக் களஞ்சியம். பட்டிக்குள் கோழி வெளியேற முடியாது. குழந்தையோ உள்ளே போக முடியும். உள்ளே சென்ற பெரியவரின் செருப்பும் அதைச் சுமந்து கூடத்துக்கு வரும். வேலி கோழிக்கு மட்டும் போதாது. அன்றாடம் அள்ளும் கை வேண்டும். குழந்தை தவழும் தரைக்கும் ஓர் எல்லை வேண்டும்.

இதன்பின் அவ்வீட்டில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். மகன் விடுப்பில் வந்தபோது, கிணற்றிலிருந்து விலகி, முற்றத்தின் மேற்குக் கோடியில் புதுக்கூடு கட்டினார். கால்கள் உயரமானவை, அடித்தளம் மூதாட்டியின் இடுப்பளவில் நின்றது. தளம் கம்பி வலை. அதன்கீழ் இழுத்து எடுக்கத்தக்க தகரத் தட்டு. தட்டில் உமியும் அடுப்புச் சாம்பலும். களைக்கொத்திக்கு நீண்ட காம்பு போட்டுக் கொடுத்தனர். மூதாட்டி குனிய வேண்டியதில்லை. நின்றபடியே காலையில் தட்டை இழுத்து வழித்து, குப்பைக்குழியில் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிடுகிறார். புது எரு செடியின் வேரைச் சுட்டுவிடும். சில மாதங்கள் மட்கியபின் தென்னைக்குப் போகிறது. கூட்டுக்கென்று தனிச் செருப்பு அங்கேயே கிடக்கிறது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ, கூட்டருகே ஒரு குடமும் சோப்புப் பெட்டியும். அச்சோப்பு விலையும் கோழிக்காசிலிருந்துதான் என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மூதாட்டி மறுக்கவில்லை.

முட்டை பற்றியும் ஒரு சர்ச்சை எழுந்தது. மருமகள் கூடை முட்டைகளையும் கழுவி அடுக்கி வைப்பார். கழுவினால் கெடும் என்பது மாமியார் கட்சி. இதில் மாமியாருக்கே வெற்றி. முட்டை ஓட்டின்மீது இயற்கையாகவே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஓட்டின் நுண்துளைகளை அது மூடிக் காக்கிறது. குளிர்ந்த நீரில் கழுவினால் பூச்சும் போகும், அழுக்கும் உள்ளே இழுக்கப்படும். அழுக்கை உலர் துணியால் துடைத்து வைப்பதே நலம். கழுவியதை உடனே சமைத்துவிட வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் முதல்தர முட்டையைக் கழுவி விற்கலாகாது என்பது பொது விதி. அமெரிக்காவிலோ கழுவிக் குளிர்ப்பதனம் செய்தே விற்கின்றனர். அறிவியல் ஒன்றாயிருந்தும் இரு கண்டங்கள் இரு வழியில் செல்கின்றன. அந்த வீட்டு அடுப்படிக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறோம். 2006 பிப்ரவரியில் மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது முதல், கோழிகள் காரணமின்றித் திடீரெனக் கூட்டமாக இறப்பதை விதியென்று விட்டுவிடும் காலம் முடிந்துவிட்டது. அவை வழக்கமான வெள்ளைக்கழிச்சலால் இறந்திருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு. எதுவாயினும், இறந்ததை வெறுங்கையால் தூக்கிப் புதரில் எறிவதும், சாகக் கிடப்பதை அவசரமாக அறுத்துக் குழம்பு வைப்பதும் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

குழந்தைக்கு மறுபடியும் அப்படிப்பட்ட வயிற்றுப்போக்கு வரவில்லை. முன்பு வந்தது கோழியால்தானா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. குடிநீரையும் அதே மாதத்திலிருந்து காய்ச்சத் தொடங்கியிருந்தனர். எனவே மருமகள் தம் கட்சியே வென்றதென்றும், மாமியார் தம் கட்சியே வென்றதென்றும் இன்றும் கூறி வருகின்றனர். கோழிகள் ஆறாகக் குறைந்துள்ளன. மருமகள் கேட்டதற்கும் மாமியார் இசைந்ததற்கும் இடைப்பட்ட எண் அது.

புள்ளிப் பெட்டைக்கு மட்டும் இன்னும் கட்டிலடி நினைவு போகவில்லை. கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே மகன் இட்ட அரைக்கதவின்மீது ஏறி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதாம். கதவைத் திறந்துகொண்டு வெளியே செல்வதில் இப்போது முனைப்பாக இருப்பது பேரன்தான். வயது இரண்டரை ஆகிறது. கொண்டியைத் தள்ளக் கற்றுக்கொண்டான். மாலையில் பாட்டி "பா, பா" என்று கோழிகளை அழைக்கும் குரல் கேட்டதும் முதலில் ஓடி வருபவன் அவனே. சென்ற மாதம் கொண்டியை ஒரு சாண் மேலே உயர்த்தி அடித்திருக்கிறார்கள்.